வாக்குறுதியைப் பார், உட்காரும் இடத்தையும் பார்!

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் பத்திரிகைகள் ஓர் அட்டவணை அச்சிடுவது வழக்கம். மேலே வேட்பாளர்களின் பெயர்கள். பக்கவாட்டில் பிரச்னைகள்: வீட்டு வாடகை, குறைந்தபட்சக் கூலி, வைத்திய வசதி, பள்ளிக்கூடம், வரி. ஒவ்வொரு கட்டத்திலும் "ஆதரிக்கிறார்" அல்லது "எதிர்க்கிறார்" என்று ஒரு வார்த்தை. வாக்காளர் இதைப் படித்து, ஒப்பிட்டு, யாருக்கு ஓட்டு என்று தீர்மானித்துக் கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதே. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் இரண்டு வேட்பாளர்களும் ஒரே கட்சி, இரண்டு பேருக்கும் எல்லாக் கட்டங்களிலும் "ஆதரிக்கிறார்" என்றே போட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போது உழைப்பாளி எதை வைத்து முடிவு செய்வது? முகத்தை வைத்தா? ஜாதியை வைத்தா? சுவரில் யார் போஸ்டர் அதிகம் என்பதை வைத்தா?

நியூயார்க் ராஜ்யத்தின் மக்கள் 2018 செப்டம்பர் 13ந் தேதி இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலின் பலனாக, 80 வருஷங்களுக்கு மேல் மறுக்கப்பட்டு வந்த ஓர் உரிமை அந்த ராஜ்யத்தின் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

பிரைமரி என்பது என்ன?

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு யாரை நிறுத்துவது என்று கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மூடிய அறைக்குள் நாலு பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, ஒரு பெயரை வெளியே அறிவிப்பார்கள். ரயில்வே முதலாளியும் மர வியாபாரியும் யாரைச் சொல்கிறார்களோ அவருக்கே டிக்கெட். இதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் கவர்னர் லா ஃபாலெட் இந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1904இல் அங்கே மக்கள் ஓட்டெடுப்பின் மூலம் ஒரு சட்டம் வந்தது. கட்சி வேட்பாளரைக் கட்சியின் சாதாரண வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதுதான் பிரைமரி. பிறகு மற்ற ராஜ்யங்களுக்கும் இது பரவியது.

பிரைமரியில் மோதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். அதில் ஜெயித்தவர் நவம்பர் மாதப் பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளரைச் சந்திக்கிறார். ஆனால் நியூயார்க் நகரத்தின் பல தொகுதிகளில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்குதான். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தால் சட்டசபைக்குப் போய்விட்டதாகவே அர்த்தம். உண்மையான போட்டி பிரைமரியில்தான்.

அந்தக் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்துகொண்ட வாக்காளர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். 2018 செப்டம்பரில் நடக்கும் பிரைமரிக்காக ஒருவர் தன் கட்சிப் பதிவை மாற்ற விரும்பினால், 2017 அக்டோபர் 13க்குள் மாற்றியிருக்க வேண்டும். 11 மாதம் முன்னால்! யார் நிற்கப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே கெடு முடிந்துவிட்டது. மத்திய காங்கிரஸுக்கான பிரைமரி ஜூனில். ராஜ்ய சட்டசபைக்கான பிரைமரி செப்டம்பரில், அதுவும் வேலை நாளான வியாழக்கிழமையில். நகரத்தில் ஓட்டுச் சாவடி காலை 6 மணிக்குத் திறந்தது. வட பகுதியின் பெரும்பாலான ஜில்லாக்களில் பகல் 12 மணிக்குத்தான் திறந்தது. கூலிக்காரன் வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

எட்டுப் பேர் செய்த காரியம்

நியூயார்க் ராஜ்ய சட்டசபைக்கு இரண்டு சபைகள். கீழ்சபையில் 150 பேர். செனட் என்னும் மேல்சபையில் 63 பேர். கீழ்சபையில் ஜனநாயகக் கட்சிக்கு வெகுகாலமாகவே பெரும் மெஜாரிட்டி. தொழிலாளருக்கும் வாடகைக் குடித்தனக்காரருக்கும் சாதகமான மசோதாக்கள் அங்கே நிறைவேறும், மேல்சபைக்குப் போகும், அங்கே செத்துப் போகும். இது வருஷா வருஷம் நடந்த கதை. மேல்சபை குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்தது. கிராமப்புறப் பெரும் பண்ணையாளர்களும் நகரத்து ரியல் எஸ்டேட் முதலாளிகளும் அந்தச் சபையைத் தங்கள் கோட்டையாக நம்பியிருந்தார்கள்.

அப்படியானால் மேல்சபையிலும் ஜனநாயகக் கட்சியை மெஜாரிட்டியாக்கினால் போதுமே என்று மக்கள் நினைத்தார்கள். 2012 நவம்பரில் ஆக்கியும் விட்டார்கள். 63 இடங்களில் 33 இடங்களை ஜனநாயகக் கட்சியின் பெயரில் நின்றவர்கள் ஜெயித்தார்கள். பிறகு என்ன நடந்தது? 2011 ஜனவரியிலேயே பிராங்ஸ் பகுதி செனட்டர் ஜெஃப் கிளைன் தலைமையில் நாலு பேர் "சுயேச்சை ஜனநாயகக் கோஷ்டி" என்று தனியாகப் பிரிந்திருந்தார்கள். இந்தக் கோஷ்டி குடியரசுக் கட்சியோடு கை கோத்து, மேல்சபை நிர்வாகத்தைப் பங்கு போட்டுக் கொண்டது. மக்கள் தந்த மெஜாரிட்டி காற்றில் பறந்தது.

2016 தேர்தலில் மறுபடியும் இதே கூத்து. ஜனநாயகக் கட்சியின் டிக்கெட்டில் 32 பேர். குடியரசுக் கட்சியில் 31 பேர். ஆனால் கிளைன் கோஷ்டி இதற்குள் எட்டுப் பேராக வளர்ந்துவிட்டது. தனியாக இன்னும் ஒரு செனட்டரும் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து உட்கார்ந்தார். 31 பேரின் கட்சி ஆளும் பக்கம்; 32 பேரின் கட்சி எதிர்ப்பக்கம்!

நம் நாட்டில் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இந்த எட்டுப் பேரும் தாவியதாகக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்களும் ஜனநாயகக் கட்சியே. ஆளும் பக்கத்தோடு சேர்ந்திருந்தால்தான் தொகுதிக்குப் பணம் வரும், காரியம் நடக்கும்" என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட விரும்பவில்லை. 2016இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் சட்டமும், சம்பளத்தோடு கூடிய குடும்ப விடுப்புச் சட்டமும் வந்தன. "எங்களால் வந்தது" என்றார்கள் இந்தக் கோஷ்டியினர். அவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் அந்த 15 டாலர் கோஷம் பிறந்த இடம் எது? 2012 நவம்பரில் நியூயார்க் நகரத்தின் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்களே, அங்கே பிறந்தது. மேல்சபையில் பேரம் முடிந்தபோது அதுவும் முழுசாக வரவில்லை. நகரத்துக்கு 15 டாலர். வட பகுதிக்கு 2020 முடிவில்கூட 12.50 டாலர்தான். ஒரே ராஜ்யம், ஒரே உழைப்பு, இரண்டு கூலி. குடியரசுக் கட்சியின் மேஜையில் உட்கார்ந்து பேசியதற்குக் கொடுத்த விலை இது.

அட்டவணையில் அகப்படாத வித்தியாசம்

2018 செப்டம்பரில் இந்த எட்டுப் பேரையும் எதிர்த்து எட்டுத் தொகுதிகளிலும் அவர்கள் கட்சிக்குள்ளேயே வேட்பாளர்கள் கிளம்பினார்கள். க்வீன்ஸ் பகுதியின் ஒரு தொகுதியைப் பார்ப்போம். ஜாக்ஸன் ஹைட்ஸ், கரோனா போன்ற பேட்டைகள் அடங்கிய தொகுதி. லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழும் இடம். பதவியில் இருந்தவர் ஹோஸே பெரால்டா. எதிர்த்து நின்றவர் ஜெஸிகா ராமோஸ். கொலம்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள், நகர மேயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

இருவரையும் அட்டவணையில் போட்டு ஒப்பிட்டால் என்ன தெரியும்? குடியேறியவர்களின் உரிமை: இருவரும் ஆதரவு. வாடகைக் கட்டுப்பாடு: இருவரும் ஆதரவு. இன்னும் சொல்லப் போனால், சிறு வயதில் பெற்றோரோடு வந்து குடியுரிமைப் பத்திரம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு ராஜ்ய உதவி தரும் மசோதாவை மேல்சபையில் கொண்டுவந்து வாதாடியவரே பெரால்டாதான். அந்த மசோதா 2014 மார்ச்சில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 30, எதிர்ப்பு 29. ஆனால் நிறைவேற 32 வேண்டும். இரண்டு ஓட்டில் தோற்றது.

அதே பெரால்டா 2017 ஜனவரியில் கிளைன் கோஷ்டியில் சேர்ந்தார். தன் மசோதாவைத் தோற்கடித்த கட்சியிடம் மேல்சபையின் சாவி இருப்பதற்கு அவரும் துணை போனார். மசோதா மீது அவருக்கு அன்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர் எழுதிய மசோதாவுக்கே அவர் உட்கார்ந்த நாற்காலி எதிரியாக இருந்தது என்றுதான் சொல்கிறோம். மில்லில் கோரிக்கை மனுவுக்கு முதல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேச்சுவார்த்தை அன்று மானேஜர் பக்கத்து நாற்காலியில் போய் உட்காரும் கமிட்டி அங்கத்தினரை நம் தோழர்கள் என்ன சொல்வார்கள்? மனுவில் அவர் கையெழுத்து இருக்கிறதே என்று சமாதானம் அடைவார்களா?

பெரால்டா பிரைமரியில் தோற்றார். அந்த நவம்பரிலேயே காலமானார். 2019 ஜனவரியில் மேல்சபை கை மாறியவுடன் அதே மசோதா நிறைவேறியது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

அடுத்தது பணம். கோஷ்டித் தலைவர் கிளைன் தன் ஒரு தொகுதியைக் காப்பாற்ற 20 லட்சம் டாலருக்கும் மேல் கொட்டினார். எதிர்த்து நின்ற அலெஸாண்ட்ரா பியாகியிடம் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பியாகி தொழிலாளி அல்ல. வக்கீல், முன்னாள் காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவரின் பேத்தி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்து நின்றவர்களில் பலர் ஒரு விஷயத்தைப் பகிரங்கமாக அறிவித்தார்கள்: ரியல் எஸ்டேட் முதலாளிகளின் பணத்தைத் தொடமாட்டோம்.

இது ஏன் முக்கியம்? நியூயார்க் நகரத்தில் சுமார் 10 லட்சம் குடியிருப்புகள் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்தன. சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். குடித்தனக்காரர் காலி செய்தால் வீட்டுக்காரர் வாடகையை 20 சதவிகிதம் வரை உயர்த்தலாம். வாடகை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய வீடு காலியானால் அது கட்டுப்பாட்டிலிருந்தே விலகிவிடும். ஆகவே பழைய குடித்தனக்காரரைத் துரத்துவதே லாபகரமான தொழிலாயிற்று. தேர்தல் நன்கொடைச் சட்டத்திலும் ஓர் ஓட்டை. ஒவ்வொரு கட்டிடத்தின் பெயரிலும் ஒரு கம்பெனி வைத்திருக்கும் வீட்டு முதலாளி, ஒவ்வொரு கம்பெனியும் தனி மனிதர் என்று கணக்குக் காட்டி, எத்தனை கம்பெனியோ அத்தனை முறை நன்கொடை கொடுக்கலாம்! முதல் ஓட்டைகளை அடைக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கடைசி ஓட்டை வழியாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில் "வாடகைதாரரை ஆதரிக்கிறார்" என்று அட்டவணையில் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு?

தீர்ப்பு நாள் வந்தது. 2014 கவர்னர் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் 6 லட்சத்துக்கும் குறைவு. 2018இல் 15 லட்சத்தைத் தாண்டினார்கள். கவர்னர் கூவோமோ தன் பிரைமரியில் சுலபமாக ஜெயித்தார். ஆனால் அதே நாளில் எட்டு செனட்டர்களில் ஆறு பேரை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளைன் தோற்றார். க்வீன்ஸில் இரண்டு பேர், புரூக்ளினில் ஒருவர், மன்ஹாட்டனில் ஒருவர், வடக்கே ஸைரக்யூஸ் நகரத்தில் ஒருவர் தோற்றார்கள். அந்த ஏப்ரல் மாதத்திலேயே கோஷ்டியைக் கலைத்துவிட்டுத் தாய்க் கட்சிக்குத் திரும்பியதாக அவர்கள் அறிவித்திருந்தும் மக்கள் மன்னிக்கவில்லை. ஏழு வருஷத்து நாற்காலியை ஐந்து மாதத்து மன்னிப்பால் மறைக்க முடியவில்லை.

நகரத்து ஓட்டு, வயலுக்குக் கிடைத்த உரிமை

நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 63இல் 40 இடங்களைப் பிடித்தது. 2019இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜனவரியில் கம்பெனி நன்கொடை ஓட்டை அடைக்கப்பட்டது. இரண்டு பிரைமரிகளையும் ஒரே நாளில் ஜூனில் நடத்த ஏற்பாடாயிற்று. ஜூன் 14ந் தேதி வாடகைச் சட்டத்தின் அந்த இரண்டு ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி ராஜ்யம் முழுவதற்கும் வந்தது.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜூலை 17ந் தேதியைப் பற்றி. அமெரிக்காவில் 1935இல் சங்கம் வைக்கும் உரிமைச் சட்டமும், 1938இல் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரச் சட்டமும் வந்தன. இரண்டிலிருந்தும் பண்ணைத் தொழிலாளர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். தென் ராஜ்யங்களின் நிலப்பிரபுக்கள் அதில் பிடிவாதமாக இருந்தார்கள். அவர்கள் வயலில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பு மக்கள். நியூயார்க் ராஜ்யம் 1937இல் போட்ட சட்டமும் அதே வழியில் போயிற்று. 1938இல் அந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டத்தில் "தொழிலாளர் அனைவருக்கும் சங்க உரிமை" என்ற பொருளில் ஒரு ஷரத்து சேர்ந்தது. ஆனாலும் ஆப்பிள் பறிப்பவரும் பால் கறப்பவரும் தொழிலாளர் கணக்கில் சேரவில்லை! வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கூடுதல் நேரக் கூலி கிடையாது. இந்த அநீதியைப் போக்கும் மசோதா பல வருஷங்களாக மேல்சபையில் செத்துப் போய்க்கொண்டிருந்தது.

2019இல் மேல்சபையின் தொழிலாளர் கமிட்டிக்குத் தலைவரானவர் க்வீன்ஸில் ஜெயித்த அதே ஜெஸிகா ராமோஸ். மசோதாவை அவர் முன்மொழிந்தார். அந்த மே மாதத்தில் ஒரு மேல் கோர்ட்டும், பண்ணைத் தொழிலாளரை ஒதுக்கியது ராஜ்ய அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஜூலை 17ந் தேதி மசோதா சட்டமாயிற்று. சங்கம் வைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை, வாரம் ஒரு நாள் ஓய்வு, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி ஆகியவை 2020 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தன. 2021இல் லாங் ஐலண்டில் ஒரு திராட்சைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் முதல் சங்கத்தை அமைத்துவிட்டார்கள்.

இதில் ஓர் உண்மையை யோசித்துப் பாருங்கள், தோழர்களே! அந்த ஆப்பிள் தோட்டங்களிலும் பால் பண்ணைகளிலும் உழைப்பவர்களில் மிகப் பலர் மெக்ஸிகோ, குவாட்டமாலா, ஜமைக்கா நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது. அவர்களுக்காக ஓட்டுப் போட்டது யார்? நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், க்வீன்ஸிலும் பிராங்ஸிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நகரத்து உழைப்பாளி. அவன் தன் வாடகைக்காக ஓட்டுப் போட்டான். வயலில் குனிந்து நின்றவன் நிமிர அது வழி செய்தது. ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் தனித்தனி என்று பேசுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எங்கே தேட வேண்டும்?

ஜெயித்தது போதுமா?

எல்லாம் கைகூடிவிட்டது என்று நாம் சொன்னால் அது பொய். பண்ணைத் தொழிலாளர் சட்டம் வேலைநிறுத்த உரிமையை மறுக்கிறது. மற்றத் தொழிலாளருக்கு 40 மணிக்கு மேல் கூடுதல் கூலி. இவர்களுக்கு 60 மணிக்கு மேல். அந்த 60ஐ 40ஆகக் குறைப்பதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது. 2022இல்தான் ராஜ்யத் தொழிலாளர் கமிஷனர் உத்தரவு போட்டார். 2024இல் 56, 2026இல் 52 என்று படிப்படியாக இறங்கி, 2032 ஜனவரியில் 40 ஆகும். நீதி வருகிறது, ஆனால் மாட்டு வண்டியில் வருகிறது.

இன்னொன்று. ராஜ்ய மக்கள் அனைவருக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம் என்ற மசோதாவைக் கீழ்சபை 2015 முதல் 2018 வரை நாலு வருஷமும் நிறைவேற்றியது. மேல்சபை தடையாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். 2019இல் இரண்டு சபைகளிலும் ஜனநாயகக் கட்சிக்கு மெஜாரிட்டி. அந்த இரண்டு வருஷ சட்டசபையில் மசோதா ஓட்டுக்கே வரவில்லை! நிறைவேறாது என்று தெரிந்தபோது கை தூக்கியவர்கள், நிறைவேறக் கூடும் என்று தெரிந்ததும் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே வேட்பாளர்களை ஒப்பிடும்போது, அட்டவணையில் இருக்கும் கட்டங்களைப் படித்து முடித்த பிறகு இன்னும் நாலு கேள்விகளை உழைப்பாளி கேட்க வேண்டும்.

முதலாவது: சபைக்குப் போனால் இவர் யாரோடு உட்காருவார்? யார் கையில் சாவியைக் கொடுப்பார்?

இரண்டாவது: இவர் தேர்தல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு முதலாளியின் பணத்தில் ஜெயித்தவர் குடித்தனக்காரரிடம் எத்தனை நாள் விசுவாசமாக இருப்பார்?

மூன்றாவது: இவர் ஆதரிப்பதாகச் சொல்லும் மசோதா ஓட்டுக்கு வந்ததா? வராவிட்டால், வரவைக்க இவர் என்ன செய்தார்? கையெழுத்துப் போடுவது ஒன்று. கதவைத் தட்டுவது வேறு.

நாலாவது: இவர் வாக்குத் தவறினால், இவரை இறக்குவதற்கு நம்மிடம் சங்கமும் ஒற்றுமையும் இருக்கிறதா?

நாலாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். 2018 பிரைமரிக்கு முன்னால் பல மாதங்கள் குடித்தனக்காரர் சங்கங்களும் குடியேறியோர் அமைப்புகளும் வீடு வீடாகப் போயின. "உங்கள் செனட்டர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், தெரியுமா?" என்று கேட்டன. பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. லட்சக்கணக்கான டாலரும், பதவியும், கவர்னரின் சமரசப் பேச்சும் அந்த ஆறு பேரைக் காப்பாற்றவில்லை.

எந்த நாடாயிருந்தாலும், எந்தச் சபையாயிருந்தாலும், வாக்குறுதி அச்சடிக்கக் காகிதம் போதும். அந்த வாக்குறுதியை நிறைவேற்றவைக்க, ஓட்டுப் போட்ட மறுநாளும் விழித்திருக்கும் மக்கள் வேண்டும். துண்டுப் பிரசுரத்தைப் படியுங்கள். படித்த பிறகு நாற்காலியைப் பாருங்கள். அந்த நாற்காலியின் மேல் வைத்த கண்ணை அடுத்த தேர்தல் வரை எடுக்காதீர்கள்!